மாத்திரை யாருக்கு

என் மேசைக்கு மேலே ‘இன்சூரன்ஸ்’ என்று நீல எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது. அதைத் தொங்கவிட்டவரை எங்கேயாவது பார்த்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் தென்காசிச் சுற்றுவட்டாரத்து மக்கள் அத்தனை பேரும் நான்தான் இன்சூரன்ஸ் கம்பெனி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆலங்குளத்திலிருந்து வந்த ஒருவர் மேசையை ஓங்கித் தட்டி, “வருசா வருசம் வாங்கத் தெரியுதுல்லா, குடுக்கும்போது மட்டும் கை வர மாட்டேங்குதோ?” என்று கேட்டார். அவரிடமிருந்து நான் இதுவரை வாங்கியது அந்தத் திட்டு மட்டும்தான்.

நான் கம்பெனி ஆள் இல்லை, ஆஸ்பத்திரி ஆள். பாலிசி வைத்திருக்கிற நோயாளி வந்து படுத்ததும் அவருடைய அட்டையை வாங்கி, டாக்டர் எழுதியதையும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ‘சரி, செலவை நாங்கள் தருகிறோம்’ என்று பதில் வரும்வரை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் என் உத்தியோகம். பில் போடும் இடத்தில் சேர்ந்தவள் நான். இதற்கு முன்னால் இந்த மேசையில் இருந்த பெண் கல்யாணமாகிச் சிவகிரிக்குப் போய்விட்டதால் என்னை இங்கே இழுத்துப் போட்டார்கள். பாஸ்வேர்டைச் சொன்னார்கள். வேறு எதையும் யாரும் சொல்லித் தரவில்லை.

திட்டு வாங்கி வாங்கித்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். பாலிசியை விற்கிறவர் ஒருவர். பணம் தருகிற கம்பெனி வேறு. நடுவில் உட்கார்ந்து ஃபைலைப் பார்க்க ஒரு ஏஜென்சி உண்டு. விற்றவரைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்பார். கம்பெனியைக் கேட்டால் ஃபைல் ஏஜென்சியில் இருக்கிறது என்பார்கள். ஏஜென்சியோ ஆஸ்பத்திரியைக் கேளுங்கள் என்று சொல்லிவிடும். ஆஸ்பத்திரி என்றால் நான். போனில் பேசுகிற பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர்களும் என்னை மாதிரி எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து திட்டு வாங்குகிறவர்கள்தான். முடிவெடுக்கிற மனிதர் யார், எந்த ஊர், சாப்பிட்டாரா தூங்கினாரா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவரோடு ஒரு தடவைகூட நான் பேசியதில்லை.

முதல் பாடம் குற்றாலம் சீசனில் கிடைத்தது. என் வீடு குற்றாலத்தில்தான். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊருக்குக் கூட்டம் வரும், என் மேசைக்கு எலும்பு முறிவு வரும். பாறையில் வழுக்கியவர், படியில் சறுக்கியவர், எண்ணெய் தேய்த்த காலோடு நடந்து விழுந்தவர் என்று வரிசையாக வருவார்கள். எந்த ஃபைலை அனுப்பினாலும் கம்பெனியிலிருந்து முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: விழும்போது மது அருந்தியிருந்தாரா? லாட்ஜ் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு வாத்தியாரிடம் இதைக் கேட்க வேண்டிவந்தது. நெற்றி நிறையத் திருநீறு. அவர் வலியை மறந்து என்னைப் பார்த்தார். “ஏம்மா, என்னையப் பாத்தா அப்படியா தெரியுது?” என்றார். அவருடைய மனைவி ஒரு பக்கம் திரும்பிச் சிரித்தார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது, அங்கே ஃபைலைப் பார்க்கிறவருக்கு மனிதர் தெரிய மாட்டார் என்று. எழுதி வந்தது மட்டும்தான் தெரியும். அதனால் டாக்டர்களிடம் சண்டை போட்டு, ‘மது வாடை இல்லை’ என்று முதலிலேயே எழுத வைத்துவிடுவேன். கெட்டிக்காரியாகிவிட்டதாக ஒரு நினைப்பும் வந்துவிட்டது.

அந்த நினைப்பை அடித்து நொறுக்கிய கேஸ் போன சீசனில் வந்தது.

ஐந்தருவிக்குக் குளிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு அக்காவைக் கூட்டிவந்தார்கள். தென்காசிக்காரர்தான். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வீட்டுக்காரர் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டுகிறார். கூட வந்தது ஒரே மகள், மாசமாக இருந்த பெண். அக்காவுக்கு வலி கொஞ்சம் அடங்கியதும் முதலில் மகளைத்தான் திட்டினார், தண்ணீரில் நின்றதற்கு. பிறகு என்னைப் பார்த்து, “தங்கச்சி, பயப்படாத, எங்கிட்ட கார்டு இருக்கு,” என்றார். பயப்பட வேண்டியவர் எனக்குத் தைரியம் சொன்னார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைத்தாக வேண்டும், ரொம்ப நாள் தள்ளக் கூடாது என்றார் டாக்டர். பாலிசி எடுத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எடுக்கும்போது சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார். எங்கள் டாக்டரும் அப்படியேதான் எழுதினார். நான் ஒரு புள்ளி விடாமல் சரிபார்த்து அனுப்பினேன். சோதனைக்கு உடனே ‘சரி’ வந்தது. ஸ்டென்டுக்கு மட்டும், ‘விசாரணையில் உள்ளது’ என்று வந்தது. புது பாலிசி, பெரிய செலவு என்றால் ஆளை விட்டு விசாரிப்பது அவர்கள் வழக்கம். இதிலே என்ன இருக்கிறது, மடியில் கனமில்லாத கேஸ் என்று மகளிடம் சொன்னேன். ஏன் சொன்னேனோ.

விசாரணைக்கு வருகிறவர் திருநெல்வேலிக்காரர். பைக்கில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றி என் மேசையில் வைப்பார், நான் எடுத்துக் கீழே வைப்பேன். கம்பெனிக்காகக் கேஸ் கேஸாகப் பார்த்துக் கொடுக்கிற காண்டிராக்ட் ஆள். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அன்றைக்கு அக்காவின் தெருவுக்குப் போய்விட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

“அந்த அம்மாவுக்குப் பழைய பிபி இருக்கும்மா,” என்றார்.

“யாரு சொன்னா?”

“தெரு முக்குல மெடிக்கல் வச்சிருக்காருல்லா, அவருதான். மாசம் தவறாம பிபி மாத்திரை வாங்குவாங்களாம். ஆறேழு வருசமா. ஒரு மாசம் விட்டது கெடையாது, உடம்ப அப்படிப் பேணுவாங்க, தங்கமான பார்ட்டின்னு ஒசத்தியாத்தான் சொல்லுதாரு. அவரு நல்லதுன்னு நெனச்சுச் சொல்லுதாரு. நான் எழுதத்தானம்மா செய்யணும்?”

மறுநாள் மறுப்பு வந்துவிட்டது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த ரத்த அழுத்தத்தை மறைத்த காரணத்தால் அனுமதி இல்லை. எனக்கு வந்த கோபம் கம்பெனி மேல் இல்லை, அந்த அக்கா மேல். இவ்வளவு நாள் இந்த மேசையில் உட்கார்ந்து, எதையும் மறைக்காதீர்கள், மறைக்காதீர்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறேன். இவர் எனக்கே தைரியம் சொல்லிவிட்டு உள்ளே ஒன்றை வைத்திருக்கிறாரே. விறுவிறு என்று வார்டுக்குப் போனேன். மகள் டீ வாங்கப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன், “ஏக்கா, பிபி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? இப்ப எல்லாம் போச்சுல்லா?”

அவர் முழித்தார். “எனக்கா? எனக்கு ஏது பிபி?”

“மெடிக்கல்ல மாசாமாசம் வாங்குதீங்களே, அது என்ன மிட்டாயா?”

 அவர் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார், “அது எனக்கில்ல தங்கச்சி. அவருக்கு.”

வீட்டுக்காரருக்குத்தான் பிபி. ஒரு லீவில் ஊருக்கு வந்தபோது திருநெல்வேலியில் காட்டிக் கண்டுபிடித்தது. அங்கே அவர் வேலை பார்க்கிற கம்பெனிக்குத் தெரிந்தால் வண்டிச் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். அங்கே உள்ள டாக்டரிடம் காட்டினால் கம்பெனிக்குப் போய்விடும். அதனால் மாத்திரை ஊரிலிருந்துதான் போக வேண்டும். ஊரில் அவர் பேரைச் சொல்லி வாங்கவும் முடியாது.

“அவரு கம்பெனியில எங்க தெரு ஆளுவளே நாலஞ்சு பேரு இருக்காங்க. இங்கன மெடிக்கல்ல நான் அவரு பேரச் சொன்னேன்னு வையி, சாயங்காலத்துக்குள்ள அங்கன தெரிஞ்சிரும். ஒவ்வொருத்தி கையிலயும் போனு இருக்குல்லா. அதான் எனக்குத்தான்னு சொல்லி வாங்குதேன். லீவு முடிஞ்சு போறவங்ககிட்ட இட்லிப் பொடி, சுக்குப் பொடியோட சேத்துக் குடுத்து விடுவேன். கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லுவேன்.”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். “எனக்கு பிபின்னு தெருவே நம்பிருச்சு தங்கச்சி. விருந்துக்குப் போனா என் தட்டுல மட்டும் ஊறுகா வைக்க மாட்டாளுவ. மாங்கா ஊறுகான்னா எனக்கு உசுரு. இத்தன வருசமா அவளுவ திங்கதப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அழுதது நான்தான். அவர் அழவில்லை.

“அவருகிட்ட எதுவும் சொல்லிராத,” என்றார். “மகளுக்குப் பேறுகாலம் வருது. அவரு வண்டி ஓடுனாத்தான் எங்களுக்கு எல்லாம். எனக்கு வேற வழி ஒண்ணு பாரு.”

வேற வழி பார்க்கத்தான் நான் இருக்கிறேன் என்று அவர் நினைத்தார். அந்தப் பலகையை நம்பினார்.

என்னால் ஆனதைச் செய்தேன். வார்டில் தினமும் எடுத்த பிபி அளவுகளை எல்லாம் சேர்த்து, இவருக்கு ரத்த அழுத்தமே இல்லை என்று டாக்டரிடம் சான்று வாங்கி, மறுபடியும் பரிசீலிக்கச் சொல்லி அனுப்பினேன். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை குடும்பத்தில் வேறு ஒருவருக்கு என்றும் எழுதினேன், யாருக்கு என்று எழுதவில்லை. பதில் வந்தது. அளவுகள் சரியாக இருப்பதற்குக் காரணம் நோயாளி பல வருடங்களாக மாத்திரை எடுத்துவருவதே என்று போட்டிருந்தது. பத்தாததற்கு, வலியோடு வந்து இறங்கியபோது எடுத்த முதல் அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்ததையும் சுட்டிக்காட்டியிருந்தார்கள். நெஞ்சு வலிக்கிறவளுக்கு பிபி கூடாமல் என்ன செய்யும்? டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நெஞ்சுவலிக்குக் கொடுக்கிற மாத்திரையே பிபியையும் இறக்கும், இல்லை என்று இனி எப்படி நிரூபிக்க என்றார். பிபி கூடினால் நோய் இருக்கிறது, கூடாவிட்டால் மாத்திரையால் அடங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அந்தப் பக்கம் இருந்த பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், நான் நோட் பண்ணிக்கிறேன்,” என்றான். எத்தனையோ பேர் என்னிடம் கத்தும்போது நானும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். போனை வைத்துவிட்டேன்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டு, மாத்திரை வீட்டுக்காரருக்கு என்று அவரிடம் மட்டும் சொல்லிக் கேட்டேன், இதை மாற்ற முடியாதா என்று. “நான் எழுதுனத நானே அழிக்க முடியாதும்மா,” என்றார். பிறகு, “மாத்திரை அந்த மனுசனுக்குத்தான்னா, அவருக்கு பிபி இருக்குன்னு அவரு வேல பாக்குத எடத்துல உள்ள டாக்டர் எழுதுன சீட்டு வேணும். இங்கன வாங்குன சீட்டெல்லாம் இப்ப எடுபடாது, கேஸுக்காக எழுதி வாங்குனதும்பான். அங்க உள்ளதுன்னா நான் கூட ஒரு வார்த்த சேத்து எழுதுதேன்,” என்றார். எந்தச் சீட்டு உலகத்திலேயே இருக்கக் கூடாது என்று அந்தக் குடும்பம் இத்தனை வருஷம் பாடுபட்டதோ, அந்தச் சீட்டு. நான் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. செலவில்லாமல் ஸ்டென்ட் வைக்கத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்றைக்கு வார்டில் நாங்கள் பேசியபோது திரைக்கு அந்தப் பக்கம் மகள் டீயோடு நின்றிருக்கிறாள். இரண்டாவது மறுப்பும் வந்ததும் அவள் வாப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து என் போனுக்கு ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தது.

“மேடம், என்ன பேப்பர் வேணும்னு மட்டும் சொல்லுங்க,” என்றார். பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

நான் மழுப்பினேன். வேறு ஏற்பாடு நடக்கிறது, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறோம் என்றேன். அவர் விடவில்லை. “அதெல்லாம் பொறவு. உங்க கம்பெனிக்கு என்ன வேணும்?” என்றார். என் கம்பெனி இல்லை என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று சொன்னேன். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். டாக்டர் பேர், தேதி, மாத்திரையின் பேர், எத்தனை வருஷமாக என்று இருக்க வேண்டும், முத்திரை இருக்க வேண்டும்.  கடைசியில், “அவகிட்ட சொல்லாதீங்க. உங்க முயற்சியில கெடச்சதா இருக்கட்டும்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா அவரிடம் சொல்லாதே என்கிறார், இவர் அக்காவிடம் சொல்லாதே என்கிறார். நடுவில் நான். என் உத்தியோகமே அதுதான்.

சீட்டு வந்தது. அண்ணாச்சி சொன்னபடி ஒரு வார்த்தை சேர்த்து எழுதினார். ‘சரி’ என்று கம்பெனியிலிருந்து வந்தபோது நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். என் கைக்கு நான் கேட்டது வந்திருக்கிறது. பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் கொடுத்துவிட்டு, பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஸ்டென்ட் வைத்தார்கள். அக்கா எழுந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்குத் தெரியும் தங்கச்சி, நீ எப்படியும் வாங்கிக் குடுத்துருவன்னு,” என்றார். மகள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அடுத்த பரிசோதனைக்கு அக்கா வந்தபோது கூடவே ஒரு ஆள் வந்தார். வெயிலில் கறுத்த முகம். கூட்டத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். சாவியைப் பிடுங்கிவிட்டு யார்டில் கூட்டிப் பெருக்கும் வேலை தருகிறோம் என்றார்களாம். கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். அக்கா எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தார். என்னிடம் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை. “இப்ப ரெண்டு பேருக்குமே ஊறுகா கெடையாது,” என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரர் என்னிடம், தன் பேரையும் அந்தப் பாலிசியில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். சேர்க்கலாம், ஆனால் பிபி ஏற்கெனவே இருப்பதால் அது சம்பந்தமாக எது வந்தாலும் சில வருஷம் காத்திருக்க வேண்டும் என்றேன். “காத்திருக்கத்தானே வந்திருக்கேன்,” என்றார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரி மெடிக்கலுக்குப் போனார்கள். அது என் மேசைக்கு எதிரில்தான் இருக்கிறது. இருவருடைய மாத்திரைகளும் ஒரே பையில் வந்தன. பில் போடுகிற பெண் வீட்டுக்காரருடைய பிபி மாத்திரையை எடுத்துக் காட்டி, “இது யாருக்கு, யார் பேர்ல பில் போட?” என்று கேட்டாள்.

“எனக்குத்தான். எம் பேர்லயே போடும்மா,” என்றார் அக்கா. யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். “ஏட்டி, போடாத, அவங்க பேர்ல போடாத,” என்று நான் போட்ட சத்தத்தில் ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பில் போடுகிற பெண் கையை எடுத்துக்கொண்டாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

“சார் பேரக் கேட்டுப் போடு,” என்றேன்.

அவர் கண்ணாடித் தடுப்புக்குக் கிட்டே குனிந்தார். சொல்வதற்கு முன் ஒரு தடவை திரும்பி, ஹாலில் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு தன் பேரை, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னார்.